யாரிடம் முதலில் சொல்வது?

எச்.ஐ.வி.க்கு இன்று மாத்திரை இலவசம், பரிசோதனை எளிது. முப்பது ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஒரு டாக்டர் செய்த தவறு இந்த இரண்டையும் பற்றியது அல்ல.

பம்பாய் இன்னும் மும்பை ஆகாத 1994 ஜூலை. மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் ஆண்கள் வார்டில் கட்டில்கள் நிரம்பி, தரையிலும் நோயாளிகள் படுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளி. வயது 31. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மூன்று மாதமாக இருமல், மாலையானால் காய்ச்சல். எடை 38 கிலோ. சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. தமிழ் தெரிந்த டாக்டர் என்பதால் அவரிடம் இந்த நோயாளியை ஒப்படைத்தார்கள்.

டாக்டர் எம்.டி. முடித்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தபோது இடது விலாவைச் சுற்றிப் பட்டையாக ஒரு தழும்பு. "ஊர்ல இருந்தப்ப அக்கி வந்துச்சு சார். காவி எழுதினாங்க, போயிடுச்சு" என்றார் நோயாளி. வாயைத் திறந்தால் நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளைப் படலம்.

முப்பது வயதில் அக்கி, வாயில் பூஞ்சை, கூடவே டி.பி. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரியும். ஆனால் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் வாயில் வரவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா, வேறு பெண்களிடம் போனதுண்டா, ரத்தம் ஏற்றிக்கொண்டதுண்டா என்று தன் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரிடம், பக்கத்துக் கட்டில்காரர் காதில் விழ, தமிழில் கேட்பது கூச்சமாக இருந்தது. ரத்தம் எடுத்து எலிசா சோதனைக்கு அனுப்பும்படி ஜூனியரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். எதற்கான ரத்தம் என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. அந்த வார்டில் அப்போது யாரும் சொல்வதில்லை.

முடிவு வந்த அன்றே அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். கட்டில் கழிப்பறைப் பக்கம் நகர்ந்தது. வார்டு பாய் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். துப்புரவுத் தொழிலாளி முதல் நர்ஸ் வரை அறிந்த சேதி, ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் அந்தக் கட்டிலில் படுத்திருந்தார்.

டாக்டர் சொன்னது நோயாளியின் அண்ணனிடம். வராந்தாவில் நின்றபடி, இரண்டு நிமிடத்தில். அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பிகிட்ட சொல்லிராதீங்க சார். அவன் பொண்டாட்டிக்கும் தெரிய வேண்டாம். சின்னப் பொண்ணு, கைக்குழந்தை இருக்கு. டி.பி.ன்னே இருக்கட்டும்."

அந்த நிமிடத்தில் தனக்கு வந்தது நிம்மதி என்பதை டாக்டர் இன்றும் மறைப்பதில்லை. சொல்ல வேண்டிய வேலை போயிற்று. டிஸ்சார்ஜ் அட்டையில் டி.பி. என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோயாளி ஊருக்குப் போனார்.

பயம் இருந்த காலம்

அந்த டாக்டர் கல் நெஞ்சக்காரர் அல்ல. பயந்தவர். அன்று நாடே பயந்திருந்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்ததே அதற்கு எட்டு ஆண்டுகள் முன்புதான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவரது மாணவி டாக்டர் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். ஆறு மாதிரிகளில் கிருமிக்கான எதிர்ப்பொருள் இருந்தது. அது வெளிநாட்டுக்காரர் நோய் என்று நம்பிக்கொண்டிருந்த நாட்டுக்கு அந்த ஆறு மாதிரிகள் அதிர்ச்சி.

அதிர்ச்சி பயமாக மாறியது. 1989இல் கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞருக்கு நேர்ந்ததை அந்தக் காலத்து டாக்டர்கள் அனைவரும் படித்திருந்தார்கள். அவர் தவறாமல் ரத்த தானம் செய்து வந்தவர். தானம் கொடுத்த ரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்ததும், கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி அவரைப் பிடித்துப்போய், முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்த கட்டடத்தில் தனியே அடைத்தார்கள். விடுவிக்க 64 நாட்கள் ஆயின. அவரது தாய் உயர் நீதிமன்றம் வரை போனார். தனிமைப்படுத்தும் அதிகாரம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. டிசூசா தன்னைப் போன்றவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1992இல் இறந்தார்.

வார்டுகளில் இருந்த பயம் ஊசி முனையைப் பற்றியது. கிருமி உள்ள ரத்தம் தோய்ந்த ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. மஞ்சள் காமாலை பி வகைக் கிருமியை விட இது பல மடங்கு குறைவு. ஆனால் அந்தக் காமாலைக்கு யாரும் கட்டிலை நகர்த்தியதில்லை. எச்.ஐ.வி.யில் மட்டும், நோய் எப்படி வந்தது என்ற கேள்விக்குள் ஒரு தீர்ப்பும் இருந்தது. அந்தத் தீர்ப்பைச் சொல்ல டாக்டர்களுக்கு விருப்பமில்லை. அதனால் நோயையும் சொல்லவில்லை.

அதே காலத்தில் வேறு விதமாக நடந்துகொண்டவர்களும் இருந்தார்கள். சுனிதி சாலமன் அரசுக் கல்லூரி வேலையை விட்டு விலகி, 1993இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். ரத்தம் எடுக்கும் முன் ஒரு பேச்சு, முடிவைச் சொல்லும்போது ஒரு பேச்சு. ஆலோசனையோடு சேர்ந்ததுதான் பரிசோதனை என்பது அங்கே விதி. 2015இல் அவர் மறைந்த பிறகு, 2017இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பம்பாய் வார்டில் இருந்த இளம் டாக்டருக்கு அந்த விதி எட்டச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் அந்த அண்ணனின் தம்பி மனைவி வந்துவிட்டார்.

திரும்பி வந்த கேள்வி

1997. வெளிநோயாளிப் பிரிவில் ஓர் இளம்பெண், கையில் ஐந்து வயதுப் பையன். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. காய்ச்சல், இருமல். தாராவியில் தையல் வேலை செய்கிறார். ஒரு பழைய டிஸ்சார்ஜ் அட்டையை நீட்டினார். "இது எங்க வீட்டுக்காரரோடது சார். நீங்கதான் பார்த்தீங்களாம்." அட்டையில் தன் கையெழுத்தை டாக்டர் அடையாளம் கண்டுகொண்டார்.

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றார் அந்தப் பெண். ஊருக்குப் போய்ச் சில வாரங்களில், பம்பாயில் கொடுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டினார்கள். டி.பி. என்று இருந்தது. டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். "பத்து, பதினஞ்சு நாள்ல உடம்பெல்லாம் கொப்புளம் சார். வாய், கண் எல்லாம் புண்ணு. தோல் அப்படியே உரிஞ்சு வந்துச்சு. நாலு நாள்ல போயிட்டாரு."

அந்தப் பெண்ணுக்குப் புரியாதது டாக்டருக்குப் புரிந்தது. அன்று அரசின் காசநோய்த் திட்டத்தில் தயாசெட்டசோன் என்ற மலிவான மாத்திரை புழக்கத்தில் இருந்தது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் அந்த மாத்திரை, எச்.ஐ.வி. உள்ளவர்களில் பலருக்குத் தோலை உரித்துவிடும், உயிரையும் வாங்கும். 1990களின் தொடக்கத்திலேயே ஆப்பிரிக்க அனுபவத்திலிருந்து இது தெரிந்திருந்தது. டாக்டரும் படித்திருந்தார். அதனால்தான் வார்டில் ரிஃபாம்பிசின் உள்ள மருந்துகளை மட்டும் கொடுத்தார். அட்டையில் இரண்டாவது நோயையும் எழுதியிருந்தால், ஊரில் இருந்த டாக்டர் அந்த மாத்திரையைத் தொட்டிருக்க மாட்டார். நோயாளிக்கே தெரிந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

சிவப்பு மையில் எழுத வேண்டாத இடத்தில் எழுதினார்கள். எழுத வேண்டிய இடத்தில் எழுதவில்லை. ரகசியம் என்று டாக்டர் நினைத்தது ரகசியமே அல்ல. நோயாளியிடமிருந்து மறைத்தது மட்டுமே.

இந்த முறை டாக்டர் ஓர் அறையைத் தேடினார். மருந்துக் கிடங்கை ஒட்டிய சின்ன அறை. இரண்டு ஸ்டூல். பையனை நர்ஸிடம் விட்டுவிட்டு, எதற்காக ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொன்னார், சம்மதம் கேட்டார். முடிவு வந்தபோதும் அதே அறையில், அவரிடம்தான் முதலில் சொன்னார். கணவருக்கும் இது இருந்தது என்பதையும், அதை அன்று சொல்லாமல் விட்டது தான்தான் என்பதையும் சொன்னார். பையனுக்குச் செய்த சோதனையில் கிருமி இல்லை.

அந்தப் பெண் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்பவே என்கிட்ட சொல்லியிருந்தா எனக்கு வந்திருக்காதா சார்?"

"தெரியலம்மா" என்றார் டாக்டர். அது உண்மை. 1994க்கு முன்பே அவருக்குத் தொற்றியிருக்கலாம். கணவர் ஊருக்குத் திரும்பிய அந்தச் சில வாரங்களில் தொற்றியிருக்கலாம். எந்தப் பரிசோதனையும் அதைச் சொல்லாது.

மறு ஆண்டு, 1998 செப்டம்பரில், இதே சிக்கல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. எச்.ஐ.வி. இருந்த ஒருவருக்கு, அவரும் ஒரு டாக்டரே, நிச்சயித்த திருமணம் நின்றுபோனது. மருத்துவமனை ரகசியத்தை வெளியிட்டதுதான் காரணம் என்று வழக்குப் போட்டார். மணக்கவிருந்த பெண்ணின் உயிர் முக்கியம், மருத்துவமனை செய்தது தவறில்லை என்றது நீதிமன்றம். ரகசியமா, இன்னொருவரின் உயிரா என்று நாடெங்கும் விவாதம் நடந்தது. மருந்துக் கிடங்கின் அறையில் இருந்தவருக்கு அந்த விவாதம் புதிதல்ல. இரண்டில் எதையும் காப்பாற்றாமல் விட முடியும் என்பதை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

மாத்திரை வந்த பிறகு

1997இல் அந்தப் பெண்ணுக்கு டாக்டரால் கொடுக்க முடிந்தது இரண்டு. டி.பி. மருந்து, முழுசாக. பிறகு, நிமோனியா வராமல் தடுக்கத் தினமும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்கும் என்பது 1996லேயே உலகுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அது பணக்கார நாடுகளில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் பிடித்த வைத்தியம். தையல் கூலியில் பையனைப் படிக்க வைப்பவரிடம் அதைப் பற்றிப் பேசக்கூட டாக்டருக்கு மனம் வரவில்லை.

2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தொண்டு நிறுவனத்துக்குத் தருவதாக அறிவித்தது. ஆப்பிரிக்காவின் கணக்கையே மாற்றிய விலை அது. இந்தியாவின் ஏழைக்கு அதுவும் எட்டாத விலைதான். சிலர் நகையை விற்று மூன்று மாதம் சாப்பிட்டார்கள், பிறகு நிறுத்தினார்கள், மறுபடி பணம் கிடைத்ததும் தொடங்கினார்கள். எச்.ஐ.வி.யில் இது எதுவும் சாப்பிடாமல் இருப்பதை விட மோசம். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். கடனாக வாங்கியாவது தொடங்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டபோது டாக்டர் தடுத்தார். அவர் கொடுத்த ஆலோசனைகளிலேயே சொல்லக் கடினமானது அது. சரியாகவும் அமைந்தது.

2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியது. முதலில் எட்டு மருத்துவமனைகள்; சென்னையை அடுத்த தாம்பரமும் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையும் அவற்றில் அடங்கும். அந்தப் பெண்ணின் சி.டி.4 அணுக்கள் அப்போது 140. ஆரோக்கியமான ஒருவருக்கு 500க்கு மேல் இருக்க வேண்டியது. 200க்குக் கீழே என்பதால் மருந்து கிடைத்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின்.

டாக்டர் வழக்கம்போல மருந்தின் தொல்லைகளை விளக்கினார். நெவிரபின் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும், அதனால் முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். தோல் என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "உரியுமா சார்?" என்றார். அந்த இரண்டு வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கையைக் காட்டிவிட்டுப் போனார். ஒன்றும் ஆகவில்லை.

பிறகு வந்தவை வேறு தொல்லைகள். ஸ்டாவுடின் கன்னத்தை ஒட்ட வைத்தது, பாதத்தில் எரிச்சலைத் தந்தது. கன்னத்தைப் பார்த்தே அக்கம்பக்கம் கண்டுபிடித்துவிடும் என்று அந்தப் பெண் பயந்தார். உலக சுகாதார நிறுவனம் 2009இல் அந்த மருந்தைக் கைவிடச் சொன்னது. இந்தியாவும் பிறகு விட்டது. இன்று அவர் சாப்பிடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, இரவில் ஒன்று. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது என்பது இப்போது உறுதிப்பட்ட விஷயம். பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மருமகளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணே சொன்னார்.

இன்னும் தாமதம்

வைத்தியத்தின் கஷ்டமான பகுதி தீர்ந்துவிட்டது என்று இதைப் படித்தால் தோன்றும். ஓரளவு உண்மை. 2017 முதல் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும், கண்டுபிடித்த உடனே மருந்து. அரசு மையத்தில் மூன்று வெவ்வேறு வகைச் சோதனைகளும் ஒத்துப்போனால்தான் கிருமி உண்டு என்று சொல்கிறார்கள். ஒரே எலிசாவை நம்பிச் சிவப்பு மையைத் தேடிய காலம் போயிற்று. கர்ப்பிணிக்கு மருந்து கொடுத்தால் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஊசி குத்திய நர்ஸுக்கு 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் மருந்து உண்டு.

சட்டமும் வந்துவிட்டது. 2017இல் இயற்றி 2018 செப்டம்பரில் அமலான எச்.ஐ.வி. சட்டம், சம்மதமின்றிச் சோதிக்கக் கூடாது என்கிறது. வராந்தா விஷயத்துக்கும் அதில் வழி இருக்கிறது. துணைக்கு ஆபத்து உண்டு, பலமுறை பேசியும் நோயாளி சொல்லப்போவதில்லை என்றால், அவரிடம் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு டாக்டரே அந்தத் துணைக்குச் சொல்லலாம். அண்ணனுக்கு அதில் இடமில்லை.

ஆனாலும் மாத்திரையும் டில்லிச் சட்டமும் எட்டாத ஓர் இடம் உண்டு. டாக்டரின் வாய். 2023 மதிப்பீட்டின்படி இந்தியாவில் 25 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள். இன்றும் அந்த டாக்டரிடம் வருகிறவர்களில் சி.டி.4 நூறுக்குக் கீழே போன பிறகு வருகிறவர்கள் உண்டு. விசாரித்தால் கதை ஒன்றுதான். அக்கிக்குத் தோல் டாக்டர் களிம்பு கொடுத்திருப்பார். வயிற்றுப்போக்குக்கு இன்னொருவர் மருந்து கொடுத்திருப்பார். எடை குறைந்ததற்குச் சர்க்கரையும் தைராய்டும் பார்த்திருப்பார்கள். நான்கு டாக்டர்கள், ஒரு வருடம். கௌரவமான குடும்பம், வயதானவர், நெற்றியில் விபூதி என்று ஒவ்வொருவரும் ஒரு காரணத்துக்காக அந்த ஒரு சோதனையை எழுதாமல் விட்டிருப்பார்கள். நோயாளியை அவமதிக்க வேண்டாம் என்ற மரியாதைதான். அந்த மரியாதைக்கு நோயாளி கொடுக்கும் விலை, ஒரு வருடத்து உடம்பு.

அறுபதைத் தாண்டிவிட்ட டாக்டர் இப்போதும் வாரம் ஒருநாள் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறார். ஒவ்வொரு புதிய அணிக்கும் கரும்பலகையில் ஒரே கேஸை எழுதுவார். வயது 31, விலாவில் அக்கித் தழும்பு, வாயில் பூஞ்சை, சளியில் டி.பி. மாணவர்கள் ஒரு நிமிடத்தில் நோயைச் சொல்லிவிடுவார்கள். அவர் பார்த்த அளவுக்கு அவர்களுக்கும் தெரிகிறது.

அடுத்து என்ன என்று கேட்பார். சி.டி.4, வைரல் லோட், முதலில் டி.பி. மருந்து, இரண்டு வாரம் கழித்து எச்.ஐ.வி. மருந்து என்று வரிசையாகப் பதில் வரும். எல்லாம் சரி. "அதுக்கு முன்னாடி?" என்பார். வகுப்பு யோசிக்கும். வெளியே அண்ணன் நிற்கிறார், உள்ளே கட்டிலில் தம்பி என்று சொல்லிவிட்டு, யாரிடம் போவீர்கள் என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பார்.